தேய்க்கத் தேய்க்கச் சிவந்த கை

கல்யாணமாகிச் சிதம்பரத்துக்கு வந்த இரண்டாவது வருஷம், வீட்டில் சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. வீட்டுக்காரர் காலை ஏழு மணி பஸ்ஸில் நெய்வேலிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் முகம் காட்டுவார். நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரி. அங்கே பக்கத்து வீட்டுத் தோழியிடம் மருதாணிக் கோன் பிடிக்கக் கற்றுக்கொண்டு, காலேஜ் படிக்கும்போதே கல்யாணப் பெண்களுக்குப் போட்டுவிட்டவள். அந்தக் கை எத்தனை நாளைக்குச் சும்மா இருக்கும்? எங்கள் சந்தில் இருந்த வாண்டுகளைச் சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன். இரண்டாயிரத்து எட்டில் ஆரம்பித்ததாக ஞாபகம்.

முதலில் பாட்டிலில் பெயின்ட் அடிப்பது, துணியில் சங்கிலித் தையல், பேப்பரைச் சுருட்டிப் பூ செய்வது என்று என்னென்னவோ காட்டினேன். ஒன்றும் எடுபடவில்லை. கோனைக் கையில் எடுத்த அன்றைக்குத்தான் கூட்டம் சேர்ந்தது. எனக்கு ஒரு சட்டம் உண்டு. எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, அதன் முதுகில் கோடு ஒழுங்காக வரும்வரை யாரும் யார் கையிலும் வைக்கக் கூடாது. வரைய வேண்டும், துடைக்க வேண்டும், மறுபடி வரைய வேண்டும். நான் கொஞ்சம் வாய்க்காரி வேறு. கோணலாகப் போட்டால் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

மூன்று வீடு தள்ளி இருந்த பெண்ணுக்குத்தான் குட்டு ஜாஸ்தி. ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். கோனைப் பிடித்தாலே கை நடுங்கும். கோனைப் பிடிக்கச் சொன்னால் கோழியைப் பிடிக்கிற மாதிரி அமுக்குகிறாளே என்று நான் கத்தாத சனிக்கிழமை இல்லை. மற்றப் பிள்ளைகளாக இருந்தால் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். இவள் சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். அவள் அப்பா கல்யாணங்களுக்குப் போட்டோவும் வீடியோவும் எடுப்பவர். அவர் எடுத்த கல்யாணப் பெண்களின் கையெல்லாம் பார்த்திருக்கிறேன், உங்களுடையதைவிட அதெல்லாம் சுமார்தான் என்று எனக்கே ஐஸ் வைப்பாள்.

ஒரு தை மாதச் சனிக்கிழமை அவள் தட்டில் போட்ட கொடி கடைசிவரை நடுங்காமல் வந்தது. போனால் போகிறது என்று உத்தரவு கொடுத்தேன். இடது கையில் அவளே ஒரு மாங்காய் போட்டு, உள்ளே புள்ளி புள்ளியாக நிரப்பினாள். காம்பு மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. வலது கைக்கு நான் போட்டேன். கடைக் கோனை நான் தொடவே மாட்டேன். பொடியைத் துணியில் சலித்து, டீ டிகாஷனில் குழைத்து, நீலகிரித் தைலம் விட்டு நானே கோன் சுருட்டுவேன். என் மருதாணி பதினைந்து நாள் அசையாது என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டவள் நான். அவள் இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி, முழங்கையால் கேட்டைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். அவள் அம்மா போட்ட அலறல் எங்கள் வீட்டுச் சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. திருவந்திபுரத்தில் முகூர்த்தம் என்று மூன்றரை மணிக்கே கேமரா பையோடு பைக்கில் கிளம்பிய மனுஷன், புதுச்சத்திரம் தாண்டி, ரோட்டோரம் நின்ற லாரியின் பின்னால் மோதிவிட்டார். கடலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லையாம். செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

அந்தப் பெண் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் காய்ந்த மருதாணி அப்படியே இருந்தது. துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டு அம்மா என்னை ஓரமாக இழுத்துப் போனாள்.

“குறிஞ்சிப்பாடிலேருந்து அவுங்க அத்தை கெளம்பிட்டாங்களாம். சாவு வூட்டுல இந்த மருதாணிக் கையப் பாத்தா சும்மா விடுமா அது? யாரு போட்டுவுட்டான்னுதான் மொதல்ல கேக்கும்.”

அந்த அத்தையை எனக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்தபோது வாசலில் நின்றபடி தன் அண்ணியை, இந்தப் பெண்ணின் அம்மாவை, வாங்கிய வாங்கு இந்தச் சந்துக்கே தெரியும். அவள் வாயில் விழுந்தவர்கள் எழுந்திருக்க முடியாது. ஆஸ்பத்திரியில் எல்லாம் முடித்து வேன் வர எப்படியும் மத்தியானத்துக்கு மேலாகும் என்றார்கள். அதற்குள் இந்தக் கையை ஒன்றுமில்லாமல் பண்ணிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்புதான். அவளைத் தோளில் பிடித்து எங்கள் வீட்டுக் கொல்லைக்குக் கூட்டிப்போனேன்.

காய்ந்ததைச் சுரண்டியதும் உள்ளே வெளிர் ஆரஞ்சாக இருந்தது. போய்விடும் என்று நம்பினேன். எலுமிச்சம்பழத்தை அறுத்து உப்புத் தொட்டுத் தேய்த்தேன். அப்புறம் சீயக்காய், அப்புறம் சமையல் சோடா, பிறகு துணி சோப்பும் நாரும். கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்கு வாங்கி வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைக்கூடக் கரைத்துவிட்டேன் பாவி. “வேணாம்க்கா” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். எரிகிறது போலிருக்கிறது என்று நினைத்து, கொஞ்சம் பொறுத்துக்கோடி என்று அதட்டினேன். அவள் அழவில்லை. கையை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்ல மருதாணியின் குணம் எனக்குத் தெரியாதா? எடுத்த உடனே வெளுப்பாக இருக்கும், நேரம் ஆக ஆகத்தான் கருஞ்சிவப்பாக ஏறும். எத்தனை கல்யாணப் பெண்களுக்கு இதைச் சொல்லித் தைரியம் கொடுத்திருக்கிறேன். பத்து மணிக்கு ஆரஞ்சாக இருந்தது, பன்னிரண்டு மணிக்குச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. போதாததற்கு நான் தேய்த்த தேய்ப்பில் தோல் உரிந்து, ரத்தம் கசிகிற மாதிரி ஆகிவிட்டது. எது மருதாணி, எது புண் என்றே தெரியவில்லை. நாரைத் தூக்கி எறிந்துவிட்டுத் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து நான்தான் அழுதேன். பிறகு தேங்காய் எண்ணெய் தடவி, யார் கேட்டாலும் கையைத் திறக்காதே, மூடியே வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன்.

நாலு மணிக்கு வேன் வந்தது. அத்தை அதற்கு முன்பே வந்து வாசலில் விழுந்து புரண்டுகொண்டிருந்தாள். அந்தப் பெண் நான் சொன்னபடியே இரண்டு கையையும் இறுக்கி மூடிக்கொண்டு, அப்பாவின் கால்மாட்டில் நின்றாள். பக்கத்தில் போகவே இல்லை. ஆனால் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்களே, மூடிய கையில் எப்படி அரிசி வாங்க முடியும்? கையை விரித்தாள். அத்தைதான் அரிசியை வைத்தாள். வைத்தவள் அந்தக் கையையே பார்த்தாள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

“ஏண்டி தங்கம், கையெல்லாம் இப்படிப் புண்ணாக் கெடக்கு?”

அவ்வளவுதான் கேட்டாள். பதில்கூட எதிர்பார்க்கவில்லை. அந்தக் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓவென்று அழுதாள். மருதாணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் ஊருக்குப் போகிற வரைக்கும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை வகுப்பை அதோடு நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் வந்து கதவைத் தட்டினால் தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து ஒருநாள் சாயங்காலம் அவள் மட்டும் தனியாக வந்தாள். ஸ்கூல் யூனிஃபார்ம் மாற்றவில்லை. சாப்பிட்டாயா, படிக்கிறாயா என்று எதையெதையோ கேட்டேன். அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அன்னிக்கு நைட்டு எங்கப்பாதான்க்கா சோறு ஊட்டி விட்டாரு. ரெண்டு கையிலயும் மருதாணி இருந்துச்சுல்ல. நான் போட்ட மாங்காயப் பாத்துட்டு, காலைல நேரத்தோட போவணும், சாயங்காலம் வந்து போட்டோ எடுக்கறேன், அதுக்குள்ள நல்லா செவந்துடும்னு சொன்னாரு.”

அவளே தொடர்ந்தாள்.

“அப்பாவ வீட்டுக்குக் கொண்டாந்தப்ப கிட்டப் போயி காட்டலாம்னு இருந்தேன்க்கா. நீங்க தேய்ச்சிட்டீங்க. கையத் தெறக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டீங்க.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அத்தை உன்னைத் திட்டுவாங்களேன்னுதாண்டி கண்ணு என்றேன். அவளும் சரிக்கா என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அப்பன் செத்துக் கிடக்கிற பதினோரு வயசுப் பிள்ளையை யார் திட்டப் போகிறார்கள்? திட்டு விழுந்திருந்தால் எனக்குத்தான் விழுந்திருக்கும். என் பேர் கெட்டுவிடக் கூடாது என்றுதான் அந்தக் கையைப் புண்ணாக்கினேன். அவளிடம் இதைச் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.