அரசங்கன்று முளைத்த பங்களா

நேற்று மழையில் ஊறிய ஒரு பழஞ்சுவரைக் கடக்கையில் எழுந்த ஈரச் சுண்ணாம்பு வாசம், பினாங்குக் கடலோரத்தில் சிறுமியாக நான் வளர்ந்த பாழடைந்த பங்களாவுக்கு என்னை இழுத்துப் போய்விட்டது. அப்பா அதற்கு ஜாகா, காவல்காரர். நாங்கள் பின்கட்டில் குடியிருந்தோம். கூடத்தில் புறாக்கள் நாள் முழுக்க முனகிக்கொண்டிருக்கும், ஒழுகும் இடமெல்லாம் அம்மா வைத்த சட்டிகள் நிறைய நிறையச் சொட்டும் ஓசை மாறிக்கொண்டே போகும், மழை விட்டதும் அப்பா ஏணி சாத்தி, சுவரில் முளைத்த அரசங்கன்றுகளை வேரோடு பிடுங்கி, அந்த இடத்தைச் சுண்ணாம்பால் பூசிவிடுவார்.

ஒருநாள் பங்களாவின் சொந்தக்காரர்களிடம் கணக்கெழுதும் கிராணி வந்து ஏணியடியில் நின்றார்.

"எறங்கு லா தம்பி. அதெல்லாம் பிடுங்காதே."

"விட்டா வேரு செவுத்தப் பொளந்துடும் ஐயா."

"பொளக்கட்டும். பெரிய முதலாளி இடிக்க விடமாட்டேங்கிறாரு. தானா விழுந்தாத்தான் மத்த பங்காளிங்க நெலத்த விக்கலாம்."

அப்பா இறங்கினார். கன்றுகள் தழைத்தன. மழைக்காலத்தில் சுவர் நெரியும் சத்தம் எங்கள் பாய்வரை கேட்டது.

"வேற எடம் போயிடலாங்க," என்று அம்மா அழுதாள்.

வேலையற்றவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

"எங்க போறது? இது விழற வரைக்குந்தான் எனக்கு வேலை," என்றார் அப்பா.

அந்த மழையிலேயே கூடம் இடிந்து விழுந்தது. புறாக்கள் செத்துக் கிடந்தன. காலையில் வந்த கிராணி சாவியைக் கேட்டுக் கைநீட்டினார். உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு நின்ற அப்பா இரு கைகளையும் கூப்பினார்.

"பின்கட்டு இன்னும் நிக்குதுங்க ஐயா."