பள்ளிமுனையில் பாட்டு வகுப்பு

நானாட்டான் வயற்காட்டில் பிறந்த சிங்கராசாவைக் கடலோரப் பள்ளிமுனை மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு வாத்தியாராக அனுப்பும் யோசனை யாருக்கு உதித்ததோ தெரியாது. கோயிலில் நன்றாகப் பாடுவார், அவ்வளவுதான். கடலைத் தூர நின்று பார்த்ததோடு சரி. மாசி மாதம் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளின் பாட்டைச் சோதிப்பார், அவர் சரியென்றால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் பழையபடி மண்வெட்டிதான் என்று பள்ளியை நடத்திய பங்குச் சுவாமியார் சொல்லிவிட்டார். அவர் கட்ட ஆசைப்பட்ட பிரான்சிஸ்காவின் தகப்பனோ, வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று அதற்கு மேலே ஒரு பூட்டையும் போட்டார்.

முதல் வகுப்பிலேயே குழப்பம். “கிழக்கு வெளுத்தது, கிளியே எழுந்திரு” என்று ஒரு வரி பாடிவிட்டு, இனி நீங்கள் என்று கைகாட்டினார். பிள்ளைகள் ஒரே குரலில் “ஏலேலோ ஏலோ” என்றார்கள். சொல்லிக்கொண்டே ஓரடி பின்னால் வைத்தார்கள். அடுத்த வரிக்கும் ஏலேலோ, அதற்கும் ஓரடி. பாட்டு முடிந்தபோது கடைசி வரிசை சுவரோடு ஒட்டி நின்றது.

குறும்பு என்று நினைத்துப் பிரம்பை எடுத்தார். ஆனால் ஒரு முகத்திலாவது சிரிப்பு இருக்க வேண்டுமே! எல்லாம் நல்ல பிள்ளை முகங்கள். நான் பாடியதையே பாடுங்கள் என்று கெஞ்சினார். பெற்றிசியா என்ற சின்னப் பெண் அவரைப் பாவமாகப் பார்த்தாள்.

“நீங்கள் பாடினதையே நாங்களும் பாடினால், ஆர் ஐயா இழுக்கிறது?”

எதை இழுப்பது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது அவருக்கு. பின்னேரம் கடற்கரைப் பக்கம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் ஏலேலோ என்று கயிற்றோடு பின்னால் நகர்ந்தார்கள். கயிற்றின் நுனியில் அவருடைய வகுப்பே நின்றது. பள்ளிமுனைப் பிள்ளைகளுக்குப் பாட்டென்றால் அதுதான்.

தெரிந்ததும் தெளிவு வந்ததா என்றால், அதுவும் இல்லை. இங்கே வலை கிடையாது, சும்மா பாடுங்கள் என்றார் மறுநாள். வலை இல்லாவிட்டால் பாட்டு எதற்கு என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் எல்லோரையும் நிலத்தில் இருத்தினார். இருந்துகொண்டு யாரால் வலை இழுக்க முடியும்? அந்தத் தந்திரம் பலித்தது. கிளி ஒழுங்காக எழும்பியது.

இன்ஸ்பெக்டர் வந்தார். வந்ததும் பிள்ளைகளை எழுந்து நின்று பாடச் சொன்னார். சிங்கராசா இதை எதிர்பார்க்கவில்லை. முதல் வரி பாதியிலேயே கம்மிப்போனது. பிள்ளைகள் அவரையே பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். கூரை அதிர “ஏலேலோ ஏலோ” என்று ஓரடி பின்னால் வைத்தார்கள். பிரான்சிஸ்கா கைவிட்டுப் போய்விட்டாள் என்றே அவர் நினைத்தார். ஆனாலும் நிறுத்தத் தெரியாமல் பாடி முடித்தார்.

இது அசைவோடு பாடும் பாட்டா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பள்ளிமுனை மீனைத் தின்றே நரைத்தவர் சுவாமியார். கண் இமைக்காமல் ஓம் என்றார். துரை கைதட்டி இன்னொரு தரம் பாடச் சொன்னார். வேலை நிரந்தரமானது.

துரை போன பிறகும் சிங்கராசாவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் சொல்லிக்கொடுத்தும் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டார். பெற்றிசியாதான் பதில் சொன்னாள்.

“உங்களுக்கு இண்டைக்குத் தனியப் பாட ஏலாமல் கிடந்தது, ஐயா. அதுதான் எல்லாருமாச் சேந்து பிடிச்சு இழுத்தனாங்கள்.”

சிங்கராசா பிள்ளைகளுக்கு முன்னாலேயே அழுதுவிட்டார்.