பொத்தான் வைத்த கீபோர்டு

லூர்து மேரி டைப் அடிக்க உட்காருமுன் லேப்டாப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் முதுகில் இரண்டு தட்டு தட்டுவார். ஆறு மாதத்துக்கு முன்பு தாலிபீட் ரொட்டியோடு சாப்பிடும்போது உள்ளே கொட்டிய நிலக்கடலைச் சட்னிப் பொடியில் இன்றைக்கும் ஒரு துணுக்காவது மேசைமேல் உதிரும். அதை விரல் நுனியால் ஒற்றி எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "ச்சலோ, இன்னிக்கு மூடு நல்லாருக்கு" என்பார். மூடு அவருடையதில்லை, லேப்டாப்பினுடையது.

அதன் குணமெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஸ்பேஸ் பாரை இடது ஓரத்தில் அடித்தால்தான் மசியும். நடுவில் அடித்தால் கல்லுளிமங்கனாகக் கிடக்கும். என்டர் உள்ளே போனால் தானாக மேலே வராது, சுண்டுவிரல் நகத்தால் நெம்பிவிட வேண்டும். கே எழுத்தின் மூடி என்றோ கழன்று தொலைந்துபோயிற்று. அங்கே துருத்திக்கொண்டிருந்த ரப்பர் மொட்டின்மேல், கணவர் ஜார்ஜின் பழைய சட்டையிலிருந்து வெட்டிய வெள்ளைப் பொத்தானை ஃபெவிக்விக் வைத்து ஒட்டியிருக்கிறார். "நாலு ஓட்டை பட்டன்தான் சரி. ரெண்டு ஓட்டைன்னா விரல் வழுக்குது" என்று அதற்கு விளக்கம் வேறு.

கசார்வாடிப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஜார்ஜுக்கு இந்தக் கூத்தே பிடிக்காது. "இத அந்த பங்கார்வாலாகிட்ட தூக்கிப் போடு லூர்து, பழைய இரும்போட போகட்டும்" என்பார் வாரம் ஒரு தடவை.

"உங்களுக்கும்தான் முட்டி மடங்கல. தூக்கியா போட்டேன்?"

ஜார்ஜ், பாவம், பேப்பரை விரித்துக்கொள்வார்.

ஐம்பத்தெட்டு வயது லூர்துவுக்கு. பிறந்தது வளர்ந்தது மராத்தி பேசும் ஊரான கட்கியில். பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருஷமாக கிளார்க். வீட்டில் தமிழ், பஸ்ஸில் இந்தி, கடையில் மராத்தி. சண்டை என்று வந்துவிட்டால் மூன்றும். ஔந்த்தில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி சொசைட்டியில் அறுபத்து நான்கு வீடுகள். பதினோரு வருஷமாக அதற்கு அவர்தான் செயலாளர். கூட்டக் குறிப்பு அங்கே மராத்தியில்தான் இருக்க வேண்டும். அதை ஒரு தமிழச்சி அடிக்கிறாள், ஒருத்தரும் ஒரு எழுத்தில்கூடக் கைவைத்ததில்லை என்பதில் அவருக்கு உள்ள பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கேட்காமலே சொல்வார். கேட்டால் இரண்டு தடவை சொல்வார்.

மற்ற சொசைட்டிகளில் குறிப்பு வந்துசேர மாதம் ஒன்றாகும். இங்கே பேசப் பேச அடித்து, கூட்டம் முடிந்த கையோடு வாசித்துக் காட்டி, அங்கேயே அச்செடுத்து, வந்தவர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டீக் கெட்டிலைத் திறக்கவே விடுவார் லூர்து. நாள் தள்ளிப்போனால் சொன்னதையே சொல்லவில்லை என்று சாதிப்பார்கள், அவருக்குத் தெரியாதா? தலைவர் மாதவ் காகாவுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. "ஆதி சஹி, மக் சஹா!" என்று கூட்டம்தோறும் முழங்குவார். முதலில் கையெழுத்து, அப்புறம் டீ.

இந்த ஜூலையில்தான் சறுக்கியது. தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பு ஒரு பக்கம்தான். ஆனால் என்டர் உள்ளேயே மாட்டிக்கொண்டதை லூர்து கவனிக்காமல் விட, சொசைட்டி வாசல் அறையில் இருக்கும் பிரிண்டர் அறிவிப்போடு பதினோரு வெள்ளைத் தாளையும் சேர்த்துத் துப்பிவைத்தது. மூன்றாம் மாடி அனிருத், கராடியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற, இங்கேயே வளர்ந்த நம்ம தமிழ்ப் பையன்தான், அந்தத் தாள்களை வரிசையாகப் பரப்பிப் படமெடுத்து, 'செயலாளரின் புதிய அறிவிப்பு' என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். இந்த வருஷம் செயலாளர் பதவிக்குத் தானே நிற்பதாகவும் கீழே எழுதியிருந்தான்.

லூர்துவுக்குச் சுருக்கென்று தைத்தது. "முந்தின நாளு நகம் வெட்டிட்டேன், நெம்ப முடியல. தப்பு என்னோடது. அதுக்கு லேப்டாப்ப ஏன் சந்தி சிரிக்க வைக்கிறான்?" என்று ஜார்ஜிடம் பொருமினார். பதவி போனால் போகட்டும். ஆனால் வேலை தெரியாதவள் என்ற பெயரோடு இறங்குவதா? அது அவரால் ஆகாது. அன்றிலிருந்து வலது சுண்டுவிரல் நகத்தை வெட்டவே இல்லை.

ஆண்டுக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து, அங்கே போட்டுப்போன வெள்ளைச் சட்டையோடு ஜார்ஜ் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அனிருத் எழுந்து, இன்றைக்குக் குறிப்பைத் தானே அடித்துக் காட்டுவதாகச் சொன்னான். பளபளவென்றிருந்த தன் லேப்டாப்பைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றான். அது கம்பெனி லேப்டாப். அதில் மராத்தி எழுத்து ஏற்ற வேண்டுமென்றால் ஆபீஸ் அனுமதி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எவன் அனுமதி கொடுப்பான்?

லூர்து தன்னுடையதை அவன் பக்கம் நகர்த்தினார். "இதுல அடி தம்பி. பயப்படாத, கடிக்காது."

அவன் அடிப்பதைச் சுவரிலிருந்த டிவியில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூட்ஸ் வண்டி மாதிரி ஓடின. என்டர் அமுங்கியது, பக்கம் பக்கமாக வெள்ளை. கடுப்பில் அவன் கே எழுத்தை ஓங்கிக் குத்த, பொத்தான் தெறித்து நாற்காலிகளுக்கு அடியில் எங்கேயோ உருண்டது. கூடமே சிரித்தது.

"ஆன்ட்டி, இதுல மனுஷன் அடிக்க முடியாது!"

"நான் அடிக்கிறேனே?"

லூர்து சிரிக்கவில்லை. அவன் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்து, லேப்டாப்பைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டினார். அவன் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் பேசி முடித்திருந்த லிஃப்ட் விவகாரமும் பார்க்கிங் விவகாரமும், யார் யார் என்ன சொன்னார்கள் என்பது உட்பட, அவர் தலைக்குள் இருந்தன. வெறும் ரப்பர் மொட்டை நடுவிரல் அழுத்த, கட்டைவிரல் இடது ஓரத்தைத் தேடிப்போக, ஒவ்வொரு வரி முடியும்போதும் சுண்டுவிரல் நகம் ஒரு சுண்டு சுண்ட, திரையில் வரிகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு சொல் இன்னொன்றோடு ஒட்டவில்லை. கடைசிக்கு முந்தின விஷயம் வருவதற்குள் பேச்சை எட்டிப் பிடித்துவிட்டார்.

கடைசி விஷயம், செயலாளர் தேர்வு. லூர்து மேரிக்கு யார் யார் என்று மாதவ் காகா கேட்டதும் முதலில் உயர்ந்தது அனிருத்தின் கைதான். "ஆன்ட்டியே இருக்கட்டும்" என்றான், காதெல்லாம் சிவந்து. கூடம் முழுக்கக் கைகள். லூர்து முகத்தில் ஒன்றும் காட்டாமல் தன் பெயரையும் அடித்து, முற்றுப்புள்ளி வைத்து, எழுந்து நின்று முழுவதையும் வாசித்தார். குரல் மட்டும் வழக்கத்தைவிட ஒரு பிடி தூக்கலாக இருந்தது. ஆதி சஹி, மக் சஹா. கையெழுத்துகள் விழுந்தன, கெட்டில் திறந்தது.

எல்லாரும் டீயோடு நிற்கையில் அவர் சேலையை இடுக்கிக்கொண்டு நாற்காலி நாற்காலியாகக் குனிந்து தேடினார். அனிருத்தும் போன் வெளிச்சத்தைப் பிடித்தபடி கூடவே தவழ்ந்தான். பொத்தானைக் காணோம். ஜார்ஜ் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வந்தார். பூசைக்கென்றே வைத்திருக்கும் அந்த வெள்ளைச் சட்டையின் இடது கைப் பொத்தானைத் திருகி, ஒரே இழுப்பில் அறுத்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டைகளை ஒருதரம் எண்ணிப் பார்த்துவிட்டு, மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.