பெல்ட்டுத் துண்டும் பால் பல்லும்

எனக்குப் பூனை வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. மழைக்கு எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் வந்து ஒண்டிய குட்டியை என் வீட்டுக்காரர்தான் உள்ளே தூக்கி வந்தார். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போவட்டும்" என்றார். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை. மகன் வேலைக்கென்று பெங்களூர் போன பிறகு இந்த மனிதர் வீட்டில் வாய்விட்டுப் பேசியது அதனோடுதான். பேச்சு அவருடையது, சோறு வைப்பது, அது வெளிக்குப் போகும் தட்டில் மண் மாற்றுவது, திட்டு வாங்கினாலும் என் காலையே சுற்றும் அதை இடறி விழாமல் நடப்பது எல்லாம் என்னுடையது.

அதற்குப் பால் பல் விழும் பருவம் வந்தது. சார்ஜர் வயர், செருப்பு வார், துடைப்பக்கட்டை என்று கண்டதையெல்லாம் கடித்தது. ஈறு சிவந்து, எச்சில் ஒழுக, நாளெல்லாம் முனகிக்கொண்டே கிடந்தது. அவருக்கு நைட் ஷிப்ட் வாரம். நைட் ஷிப்ட் என்றால் எங்கள் வீட்டில் பகல் கிடையாது. ஜன்னலில் போர்வை தொங்கும், குக்கர் விசில் அடிக்கக் கூடாது, நான் தும்மினாலும் குற்றம். அது கத்த ஆரம்பித்தால் தூக்கிக்கொண்டு பின்பக்கம் பலா மரத்தடியில் போய் நின்றுகொள்வேன். அவர் எழுந்திருக்கும்வரை நின்ற நாளும் உண்டு.

எனக்கும் கடைவாயில் ஒரு பல் பொங்கலிலிருந்து குடைந்துகொண்டிருந்தது. கிராம்பை அடக்கிக்கொண்டு, இடது பக்கமாகவே மென்று நாளைத் தள்ளினேன். பல் டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் காலையில் போக வேண்டும். அவர் ஷிப்ட் முடித்துப் பசியோடு வந்து நிற்பதும் அதே காலையில்தான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று அது போய்க்கொண்டே இருந்தது.

பூனைக்கு மட்டும் எப்படியோ நேரம் கிடைத்தது. கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். "பல்லு மாறுதும்மா, எல்லாக் குட்டிக்கும் வரதுதான்" என்றார் அவர். "மெத்துனு சாப்பாடு குடுங்க. மெல்லுறதுக்கு ஏதாவது குளுகுளுன்னு குடுங்க. ஆனா சாப்பாட்டையே விட்டுடுச்சுன்னா அசட்டையா இருந்துடாதீங்க. சின்ன உடம்பு, தாங்காது."

மீனை வேகவைத்து, முள் எடுத்து, குழையப் பிசைந்து வைத்தேன். கைக்குட்டையை நனைத்து முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தேன். அதைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் அமைதியாகத்தான் இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். என் வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருப்பவர். தேய்ந்து கழித்த ரப்பர் பெல்ட்டின் துண்டுதான் எங்கள் பிளாக்கில் வாசலுக்கு வாசல் மிதியடி. கதவு இடிக்காமலிருக்க, கட்டில் ஆடாமலிருக்க, எல்லாவற்றுக்கும் இங்கே பெல்ட்டுதான்.

"துணி கிழிஞ்சி வயித்துக்குள்ள போயிடும்" என்று மிதியடியின் ஓரத்தில் விரலளவு நறுக்கினார். சோப்புப் போட்டுக் கழுவி அவரே ஃப்ரீசரில் வைத்தார்.

"இதுல நூல் பிரியுமேங்க" என்றேன்.

"மலை மலையா கரி போவுது இது மேல. இது பல்லுக்கா பிஞ்சிடப் போவுது?"

பெல்ட்டைப் பற்றி அவரிடம் யார் பேசி ஜெயிப்பது. விட்டுவிட்டேன். குட்டியும் அன்றிலிருந்து அதையே மென்றுகொண்டிருந்தது.

சனிக்கிழமை மதியம் குட்டி சாப்பாட்டை நிறுத்தியது. மீனை முகர்ந்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. ராத்திரியும் தொடவில்லை. காலையில் தூக்கினால் கையில் கனமே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கால்நடை மருத்துவமனை பூட்டியிருக்கும். டாக்டர் சொன்னது காதிலேயே நின்றது. கேட்டு வாங்காத பூனைக்காகத்தான் நான் சாமி விளக்கின் முன்னால் போய் நின்றேன்.

ஷிப்ட் முடிந்து வந்தவர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்தார்.

"ஏங்க, பல் வலிதானே? சரியாப் போயிடும்ல?"

"இல்ல. பல்லு மாறுற வலின்னா எல்லாப் பக்கமும் இருக்கும். இது ஒரு பக்கமா தலய சாச்சிகினு, வாயப் பொறாண்டிகினு கெடக்குது பாரு. உள்ள என்னமோ இருக்குது."

குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் இறுக்கிக்கொண்டேன். ஜன்னல் போர்வையை விலக்கிவிட்டு, ஷிப்டுக்குக் கொண்டுபோகும் டார்ச்சை அடித்தார். ஆடிக்கொண்டிருந்த கோரைப் பல்லைச் சுற்றிக் கறுப்பாக ஒரு நூல் ஈறுக்குள் புதைந்திருந்தது. பெல்ட்டின் உள்ளே வைத்துத் தைத்ததுபோல் இருக்குமே, அந்த நூல். நகம் வெட்டும் கத்தரியால் அவரே வெட்டி எடுத்தார். நல்லவேளை, நூல் தொண்டைக்குள் போகவில்லை. நூலோடு பல்லும் வந்தது, நொய்யரிசி அளவு. குட்டி என் கையை நன்றாகக் கீறிவிட்டுக் கட்டிலுக்கடியில் ஓடியது.

அவர் படுக்கப் போகவில்லை. வாசலில் கிடந்த மிதியடியைச் சுருட்டிக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்து, கட்டிலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறிய பிறகு குட்டி வெளியே வந்தது. தட்டை முகர்ந்தது. நக்கியது. பிறகு ஒரு வாய், இன்னொரு வாய் என்று மீன் முழுவதையும் தின்றது. அப்போதுதான் எனக்கும் பசி தெரிந்தது. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்தேன்.

குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"நீயும் ஒரு பக்கமாவே மெல்லற" என்றார்.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "பொங்கல்லேர்ந்து அப்படித்தான்" என்றேன். "பூனையோடது ஒரே நாள்ல தெரிஞ்சிடுச்சு உங்களுக்கு."

அவர் எழுந்து போய், அலமாரியில் வைத்திருந்த டார்ச்சை எடுத்து வந்தார்.

"வாயத் தொற."

வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு, வெளிச்சம் வரும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன்.