பேராதனைப் பாலத்தில் இரண்டு தாங்கிகள்

ஜப்பானிலிருந்து கப்பலில் வந்திறங்கும் பழைய வேன்களுக்குள் ஒரு வாசனை இருக்கும். சவர்க்காரமும் சிகரெட்டும் யாரோ வீட்டுச் சாப்பாடும் கலந்த அந்த வாசனை, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்க அப்பா வாங்கிய "ரீகண்டிஷன்" வேனை விட்டு மூன்று மாதமாகியும் போகவில்லை. வேன் மஹய்யாவவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் அதைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பின் சீட்டுக்கு அடியில் கையை விட்ட அண்ணன், உள்ளங்கை அகலத்தில் ஊதா நிறக் கையடக்க வீடியோ "கேம்" ஒன்றை வெளியே எடுத்தான். எங்கோ ஒரு ஜப்பான் பிள்ளை அதைத் தொலைத்துவிட்டு அழுதிருக்க வேண்டும். எங்களுக்கோ அந்தப் பிள்ளைமேல் கடுகளவு இரக்கமும் வரவில்லை. அண்ணனுக்கு அப்போது பதினேழு வயது, எனக்குப் பத்து.

அது ஒரு போர் விளையாட்டு. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரு நாடு: ஆறு, பாலம், மலை, நகரங்கள், மூலைக்கொன்றாக இரண்டு தலைமையகங்கள். சிவப்புப் படைக்காரர் தன் வீரர்களையும் யுத்த தாங்கிகளையும் விமானங்களையும் ஆறஅமர நகர்த்தி முடித்த பிறகுதான் நீலப் படைக்காரரின் முறை வரும். இரண்டு முறையும் முடிந்தால் ஒரு நாள். வரிசையாகப் பல வருடங்களாக வந்துகொண்டிருந்த விளையாட்டு அது என்பதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அப்போது அதிலிருந்த ஜப்பான் எழுத்து ஒன்றுகூட எங்களுக்கு விளங்கவில்லை. எண்ணெய் தீரப்போகிறது என்று திரை எத்தனை தடவை எச்சரித்ததோ, அண்ணனுடைய விமானங்கள் ஒவ்வொன்றாகக் கடலில் விழுந்தன. "ஜப்பான்காரன் சூனியம் வச்சிட்டான்" என்று அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

அந்தத் திரைக்கு வெளிச்சம் கிடையாது. ஹந்தானை மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. அதற்குப் போடும் சின்ன "பென்டோர்ச்" பெட்டரியும் சீக்கிரம் தீரும். ஆகவே யோசிப்பதெல்லாம், திரையிலிருந்த நாட்டைக் கட்டம் கட்டமாக வரைந்து வைத்த கணக்குக் கொப்பியில், நகர்த்துவதற்கு மட்டும் "கேம்" என்று ஏற்பாடு செய்துகொண்டோம். கொப்பியின் முன்பக்கத்திலிருந்து அண்ணனுடைய படை, பின்பக்கத்திலிருந்து என்னுடையது. ஒருவர் பக்கத்தை மற்றவர் புரட்டினால் அது "கள்ள ஆட்டம்". நகரங்களுக்குப் பெயர் வேண்டுமே என்று யோசித்தபோது, தெரிந்த பெயர்களை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது நான்தான். அப்படித்தான் ஆற்றுப் பாலம் பேராதனைப் பாலமாயிற்று, மலை ஹந்தானையாயிற்று, விமானத்தளம் திகனையாயிற்று. "மூன்றாம் நாள் பேராதனைப் பாலத்தில் தாங்கி இரண்டு. ஐந்தாம் நாள் ஹந்தானையிலிருந்து ராக்கெட்" என்று குண்டு குண்டான எழுத்தில், அடிக்கோடிட்டு எழுதி வைத்தேன். அந்த ஆட்டத்தில் எப்படியாவது அண்ணனைத் தோற்கடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு எனக்கு இருக்கவில்லை.

நாட்டில் அப்போது நிஜப் போர் நடந்துகொண்டிருந்தது. வடக்கில்தான் நடந்தது என்றாலும், அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கும் அளவுக்கு எங்கள் தெருவுக்கும் அது வந்திருந்தது. "செவுத்துக்கும் காது இருக்கு, வீட்டுல சண்டைங்கிற பேச்சே எடுக்காதீங்க" என்பார் அம்மா. அப்பாவோ, "மடியில கனமில்லன்னா வழியில என்னா பயம்?" என்று எல்லாவற்றையும் ஒரே பழமொழியில் முடித்துவிடுவார்.

டிசம்பர் விடுமுறையில் ஒரு காலை, எங்கள் வரிசையில் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். அப்பா விடியற்காலையிலேயே வேனை எடுத்துக்கொண்டு திகனைக்கு ஒரு கல்யாண "ஹயர்" ஓடப் போயிருந்தார். "கேம்" வேனிலேயே கிடந்தது. அலுமாரியைக் கலைத்த பொலிஸ்காரர் கொப்பியை எடுத்துப் பின்பக்கம் திறந்தார். கூட வந்தவர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசித்தார். பாலம், தாங்கி, மலை, ராக்கெட்.

"யார் எழுதியது?" என்று சிங்களத்தில் கேட்டார்கள்.

"நான்தான்" என்றான் அண்ணன். அது ஒரு விளையாட்டு என்றும் சொன்னான். விளையாட்டைக் காட்டு என்றார்கள். காட்டுவதற்கு அது வீட்டில் இல்லை. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. பயம் என்று இப்போது சமாதானம் சொல்லலாம். ஆனால் என் கையெழுத்து என்று எனக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அப்பா திரும்பி வரும்போது பின்னேரம் மூன்று மணி இருக்கும். விஷயத்தைக் கேட்டதும், வேனில் கிடந்த "கேமை" என் கையில் கொடுத்து என்னை ஏற்றினார். பொலிஸ் நிலையத்தில், கொப்பி கிடந்த மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியிடம், "மாத்தயா, இந்தப் புள்ளகிட்ட கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைகட்டி நின்றார். எந்த நாளும் ஹார்ன் அடித்து ஊரைக் கூட்டும் அப்பாவின் குரல் அன்று அவ்வளவு சின்னதாக இருந்தது எனக்குத் தாங்கவில்லை.

"கேமின்" பொத்தானை அழுத்தினேன். பெட்டரி தீரும்போது எரியும் சிவப்பு விளக்கு அப்போதே எரியத் தொடங்கியிருந்தது. அறைக்குள் திரை தெரியாததால் ஜன்னலோரம் போனேன். அதிகாரியும் கதிரையை விட்டு எழுந்து கொப்பியோடு வந்தார். விட்ட இடத்திலிருந்து ஆட்டம் திறந்தது. அவர் கொப்பியில் ஒரு விரலும் திரையில் ஒரு விரலுமாகக் கட்டங்களை எண்ணினார். ஆறு சரியாக இருந்தது, பாலம் சரியாக இருந்தது, மலையும் சரியாக இருந்தது.

"இதுவா பேராதனை?" என்றார் சிங்களத்தில்.

"இல்ல சேர். ஜப்பான் பேர் வாசிக்கத் தெரியாது. அதான் தெரிஞ்ச ஊர்ப் பேர வச்சேன்" என்று பள்ளிக்கூடத்துச் சிங்களத்தில் சொன்னேன். "அது என் எழுத்து. அண்ணன் எழுதல்ல."

அவர் ஒரு தாளும் பேனையும் தந்து, அதே வரியை எழுதச் சொன்னார். எழுதினேன். அடிக்கோடும் போட்டேன். அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அதற்குள் "கேம்" அணைந்துவிட்டது.

அன்று மாலையே அண்ணனை விட்டார்கள். இடது கன்னம் வீங்கியிருந்தது, சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. அம்மா சுடுதண்ணீர் வைத்தார். வேனில் வரும்போது அண்ணன் என்னைப் பார்த்து, "நீ ஏம்புள்ள வந்த?" என்று ஒரு தடவை கேட்டதோடு சரி, அதன் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை. "கேம்" பக்கமும் போகவில்லை.

கொப்பி எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. வேன் கைமாறிப் போயிற்று. அப்பாவும் இப்போது இல்லை. போர்க்காலத்தில் பேராதனை வீதியில் சோதனைச் சாவடி நின்ற இடத்தில் பழக்கடை வைத்திருக்கிறார்கள். அந்த விளையாட்டு புதிய பளபளப்போடு, ஆங்கிலத்தில், வெளிச்சமுள்ள திரையில் மறுபடியும் வந்திருக்கிறது. போன மாதம் என் மகன் அதை விளையாடுவதைப் பார்த்துவிட்டு, இத்தாலியில் இருக்கும் அண்ணனுக்குப் போன் எடுத்தேன். அன்றைக்கு உள்ளே என்னதான் கேட்டார்கள் என்று இருபது வருடத்துக்குக் கிட்டப் போன பிறகுதான் கேட்கத் துணிந்தேன்.

"அஞ்சாம் நாளைக்கு அப்புறம் என்னா திட்டம்னு கேட்டாங்க. திரும்பத் திரும்ப அதத்தான் கேட்டாங்க" என்றான். "எனக்கு எப்படித் தெரியும்? ஒன் பக்கத்த நான் ஒருநாளும் பாக்கலியே."

எழுதியது தங்கச்சி என்று சொல்லியிருந்தால் போதும். அவன் சொல்லவில்லை.

"மன்னிச்சிரு அண்ணே" என்றேன். "போடி லூசு" என்றான். அதன் பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை.