உல்லன் பந்தும் ஒரு சிட்டிகைச் சாம்பலும்

சென்ற மார்கழியில் என் மனைவிக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று முடிவு கட்டியவன் என் மகன். அதற்கு முதல் சாட்சி நான்தான்.

எங்கள் வீடு நகரியில். பின்கட்டில் இரண்டு மெஷின் தறிகள், இப்போது ஓடுவதில்லை. மகனுக்குத் திருப்பதியில் வங்கி வேலை. குளிருக்கு இங்கே வந்து ஒரு மாதம் இருங்கள் என்று கூப்பிட்டான், கிளம்பினோம். குளிர்காற்று அடிக்கிறதென்று பஸ்ஸில் ஷட்டரையெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்பக்கம் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. "புத்தூர் வந்துச்சாயா?" என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதையே கேட்டாள். சொன்னேன். மூன்றாம் தடவையும் கேட்டாள். அன்று சாயங்காலமே மகனிடம் போட்டு உடைத்தேன். என் வாய் சும்மா இருக்காது.

அவன் சிரிக்கவில்லை. "பொங்கலுக்கு முன்னாடி வரைக்கும் பாப்போம் நைனா. அம்மா இப்டியே இருந்தா இனிமே நகரி வேணாம். வீட்ட பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்கியே இருந்துடுங்க" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் அவள் ஊரிலிருந்து கிளம்பும்போதே பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தவள். தன் வாசலில்தான் பொங்க வேண்டும் என்பாள். அந்த வீட்டைப் பூட்டுவதென்றால் அவளையே பூட்டிவைப்பது போலத்தான். இதை மகனிடம் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. அப்புறம், உண்மையிலேயே அவளுக்கு நோயாக இருந்தால்? கேஸ் அடுப்பை மறந்துவிட்டால்? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மகன் குடியிருக்கும் அடுக்குமாடியே குழப்பம் பிடித்த கட்டிடம். எல்லா மாடியும் ஒரே மாதிரி, எல்லாக் கதவும் ஒரே நிறம். மகன் வீடு இரண்டாம் மாடி. நான் இரண்டு தடவை மூன்றாம் மாடியில் போய்த் தட்டி, கதவைத் திறந்த பெண்ணிடம் "நீ யாரும்மா?" என்று கேட்டிருக்கிறேன். கட்டினவனைச் சொல்ல வேண்டும்.

கீழ்த்தளத்து ஹாலில் அந்தக் குளிர் மாதம் முழுக்கப் பெரியவர்களுக்குக் கைவேலை வகுப்பு நடந்தது. காலை பத்து மணிக்கு. கை ஓடினால் மூளையும் ஓடும் என்று மகன் அவளைச் சேர்த்துவிட்டான். துணைக்கு நான். சொல்லிக்கொடுத்த பெண் தெலுங்குக்காரி, நல்ல மாதிரி. ஆனால் தினமும் யார் என்ன செய்தார்கள் என்று போனில் படம் பிடித்து அவரவர் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுவாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அறுபது வயதுக்கு மேல் ரேங்க் கார்டு எதற்கு?

முதல் நாள், வெள்ளைத் தாளை மடித்து வெட்டிப் பனிப்பூ. திருப்பதியில் பனிக்கட்டி விழுந்து யார் பார்த்தார்கள் என்று கேட்டேன். என் மனைவி அழகாக வெட்டினாள். என்னுடையது பிரித்தபோது நாலு துண்டாக வந்தது. இரண்டாம் நாள் சாக்ஸில் அரிசியை நிரப்பிப் பனி பொம்மை. "துன்ற அரிசிய எதுக்குமா கால்ல போடறதுல போடணும்?" என்று இவள் கேட்டாள். நியாயமான கேள்வி என்றுதான் நான் நினைத்தேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது மகன் என்னைப் பார்த்து, "அம்மா ஏதோ மாறி பேசினு இருந்துச்சாமே" என்றான். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்தது. நோய் பேசுகிறதா, அவள் பேசுகிறாளா? நாற்பத்தைந்து வருஷம் கூட இருந்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நாள்தான் வினை. உல்லன் நூலில் பந்து, குல்லாவின் உச்சியில் வைத்துத் தைப்பதற்கு. அட்டையில் நூலைச் சுற்ற வேண்டும், நடுவில் இறுக்கிக் கட்ட வேண்டும், இரண்டு ஓரத்தையும் கத்தரியால் வெட்டிவிட்டால் இழையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு பந்தாகிவிடும். சுற்றுவதில் இவளை யாரும் கிட்டே நெருங்க முடியவில்லை. மற்றவர்கள் பத்து சுற்று சுற்றுவதற்குள் இவள் அட்டையை முடித்துவிட்டாள். வெட்டச் சொன்னபோதுதான் நின்றுவிட்டாள். "கட் செய்யண்டி ஆன்ட்டி, பயப்படாதீங்க" என்று அந்தப் பெண்ணே கத்தரியை வாங்கி வெட்டிக் கொடுத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து இவள் எழுந்து, ஹால் மூலையில் சாமி படத்துக்கு ஏற்றியிருந்த ஊதுவத்தியின் சாம்பலைக் கொஞ்சம் கிள்ளிக்கொண்டு வந்தாள். அதை விரலில் தொட்டுத் தொட்டு, வெட்டின இழைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து முறுக்க ஆரம்பித்தாள். பந்து சிலிர்க்கவில்லை. பழையபடி சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டது. வெள்ளை நூலெல்லாம் சாம்பல் நிறம். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், பிறகு போனை எடுத்தாள்.

நான் பக்கத்திலேயே இருந்தேன். அது என்ன வேலை என்று எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் செய்தது அச்சு பிணைக்கிற வேலை. தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பழைய பாவு தீர்ந்ததும் அதன் முனைகளோடு புதுப் பாவின் முனைகளை ஒவ்வொரு இழையாகச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பல். எல்லாம் தெரிந்தும் அன்று நான் வாயைத் திறக்கவில்லை. தெரிந்து செய்கிறாளா, தறியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு செய்கிறாளா என்று புரியாமல் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் மகன் அந்தப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தான். "சாமி படத்து சாம்பல எடுத்து நூல்ல பூசுதுன்னா இன்னா நைனா அர்த்தம்? ஹைதராபாத்ல ஒரு டாக்டரு இருக்காராம், காட்டிடலாம். நகரி பேச்ச இதோட விட்ருங்க" என்றான்.

இவள் அமைதியாகச் சொன்னாள். "வெட்டறதுக்குன்னு எனக்கு தெரியும்டா. வெட்டவும் வெட்டியாச்சு. அறுந்த இழை கண்ணு முன்னாடி கெடந்தா கை சும்மா இருக்குதா? எத்தினி வருசம். அது பாட்டுக்கு போய்டுச்சு."

"அப்டியெல்லாம் போவாதுமா. நான் சொல்றத கேளு" என்று அவன் பேசிக்கொண்டே போனான். அம்மாவின் வயது, தனியாக இருப்பதன் ஆபத்து, எங்கள் தெருவில் விழுந்து இடுப்பு உடைந்த யாரோ ஒருவர். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தில் அவள் சேர்க்காமல் விட்ட இரண்டு இழைகளை அவன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேடிப் பிடித்தன. சேர்த்தன. முறுக்கின. ஆறாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அச்சு பிணைத்த பயல்தானே அவன். முறுக்கின இழை பிரிந்துகொண்டது. பேச்சை நிறுத்தாமல் மறுபடியும் முறுக்கினான்.

"சாம்பல் தொடாம நிக்காதுடா" என்றாள் அவள்.

அவன் குனிந்து தன் கையைப் பார்த்தான். பிறகு பந்தை மேஜை மேல் மெதுவாக வைத்தான்.

"சரி, அத வுடு. புத்தூர் சமாச்சாரம்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். "பஸ்ல மூணு தடவ கேட்டியாமே."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வயசாவுதுல்ல, கேட்டிருப்பேன்" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தினமும் காலையில் போன் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு, போகிக்கு முன்னால் நாங்கள் ஊருக்குப் போகலாம் என்றான்.

மறுநாள் காலை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன். சந்தேகம் இன்னும் என்னை விடவில்லை. "மெய்யாலுமே எதுக்கு மூணு தடவ கேட்ட?" என்றேன்.

ஈரப் புடவையை உதறிக்கொண்டே சொன்னாள். "மொதல்ல கேட்டேன், தாண்டிச்சுன்ன. அப்புறம் புத்தூர்ல யாரும் எறங்கலியேன்னு திரும்ப கேட்டேன், இன்னும் வரலன்ன. மூணாவது தடவ, நகரியே இன்னும் வரலன்ன. நாம ஏறினதே நகரிலதானேயா."

அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. இப்போதும் இல்லை. மூன்றாம் மாடிக் கதவு ஞாபகம் வந்தது.

"அவன் கேட்டப்போ இத ஏன் சொல்லல?"

"சொன்னா உன்ன பூட்டுவான்" என்றாள். "அச்சு பிணைச்ச கைன்னு எனக்காவது ஒரு பதில் இருந்துச்சு. உனக்கு இன்னா சொல்றது?"

போகிக்கு முன்னால் கிளம்பினோம். பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து ஷட்டரை மேலே தூக்கிவிட்டேன். குளிர் முகத்தில் அடித்தது. அந்தச் சாம்பல் பந்து அவள் மடியில் பையோடு இருந்தது. இந்தத் தடவை அவள் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன், புத்தூர் வந்ததா என்று.

"இன்னும் இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன் போலிருக்கிறது. முதல் தடவை சொன்ன அதே குரலில், "இன்னும் இல்லயா, வந்தா சொல்றேன்" என்றாள்.