மாப்பிள்ளை வாட்ச் நின்றுபோன கதை

திருப்பதியில் ஒரு பெரிய ஷோரூமில் இருபத்தாறு வருடம் வாட்ச் விற்றேன். "ஃபோன் இருக்கும்போது வாட்ச் எதுக்கு?" என்று கேட்டவர்களே, வீட்டில் கல்யாணம் என்றால் லட்ச ரூபாய் வாட்சைத் தேடி வருவார்கள். அந்தக் கண்ணாடி கவுண்டர் இன்னும் என் கனவில் வருகிறது. அங்கே என்னை வசமாக மாட்டிவிட்டது ஒரு ஸ்விஸ் ஆட்டோமேட்டிக்.

வாங்கியவர் புத்தூர் கோவிந்தசாமி, மாந்தோப்புக்காரர். மகள் பவானியின் கல்யாணத்துக்கு, மாப்பிள்ளைக்காக வாங்கினார். கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மகளையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து, வாட்ச் பெட்டியைக் கவுண்டரில் பொத்தென்று வைத்தார்.

"இன்னா சார், டூப்ளிகேட்ட என் தலயில கட்டிட்டியா? வாட்சு நின்னுகினு கீது! உங்கப்பன் ஏமாத்திட்டான்னு சம்பந்தியம்மா எம்பொண்ண டெய்லி குத்திக்கினு கீறாங்க. சோறு துன்ன உக்காந்தாலும் அதே பேச்சாம்."

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பவானி தலை நிமிரவே இல்லை.

வாட்சை எடுத்து நாலு தடவை லேசாக ஆட்டினேன். செகண்ட் முள் நகர ஆரம்பித்தது. அப்போதுதான் என் தப்பு உறைத்தது. பில் போடும் அவசரத்தில், ஆட்டோமேட்டிக் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

"அண்ணா, சரக்கு ஒரிஜினல். தப்பு என்னுது. இதுல பேட்டரி கெடையாது. கட்டினா, கை ஆடற ஆட்டத்துல ஓடும். ரெண்டு நாள் கழட்டி வச்சா நின்னுடும். ஓடறதுக்கு ஒரு கை வேணும், அவ்ளோதான்."

அவர் முகம் தெளிந்தது. உடனே மறுபடியும் சுருங்கியது. மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க கட்டவே இல்லியா மாப்ள?"

"ஃபோன்லயே டைம் பாத்துக்கறேன் மாமா. இது பீரோல பத்திரமா இருக்கட்டும்னு..."

கோவிந்தசாமி காலி வாட்ச் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே நின்றார். அந்த மனிதரைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை. அவர் கத்தியதே தேவலை என்று இருந்தது.

அதுவரை தலை குனிந்து நின்ற பவானி நிமிர்ந்து, இடது கையைக் கவுண்டர்மேல் நீட்டினாள். "சார், செயின்ல லிங்க் கழட்டி என் கைக்கு அளவு பண்ணுங்க."

"ஏய், அது ஆம்பள வாட்சு," என்றார் மாப்பிள்ளை.

"ஒரு கை வேணும்னுதான சார் சொன்னாரு? ஆம்பள கைன்னா சொன்னாரு? நைனா, இனிமே நான் கட்டிக்கறேன். காபி குடுக்கறப்பல்லாம் அத்தையே பாக்கட்டும், ஓடுதா இல்லியான்னு."

கடையே சிரித்துவிட்டது. கோவிந்தசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நாலு லிங்க் கழற்றி, அவற்றை ஒரு கவரில் போட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்து, "பத்திரமா வச்சிக்கங்க" என்றேன். அதில்தான் அவர் கெட்டிக்காரர் ஆயிற்றே!

அன்று முதல் ஓய்வு பெறும்வரை, ஆட்டோமேட்டிக் கேட்டு வந்தவர்களிடம் பட்ஜெட்டுக்கு முன்னால் ஒன்று கேட்டேன்: "தினமும் யார் கட்டப் போறாங்க?" இன்று கவுண்டரில் நிற்கும் தம்பிகளே, நீங்களும் அதையே கேளுங்கள். யாருக்காக வாங்குகிறார்கள் என்பது வேறு கேள்வி.